மாமரத்தில் தொங்கும் மீன்

இரத்தாட்சி வருடம், மாசி மாதம்: ஒல்லாந்தர் ஆட்சியிலுள்ள சேரம் தீவிலிருந்து என் மகன் ரங்கூன் திரும்பினான்.
பங்குனி: ரங்கூனின் கெம்மண்டைன் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்புறத்து மாமரத்தில் ஒரு காவற்குறி கட்டினான்.
குரோதன வருடம், வைகாசி: காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான்.
ஆனி: இறந்தான்.
தை: மனையை விற்கப் போவதாக வீட்டுக்கு உடையவர் தெரிவித்தார்.
பங்குனி: மரம் வெட்ட வந்தவர்கள் வெட்டாமல் திரும்பினர்.

இவ்வளவும் நடந்தவை, சாட்சிகள் உண்டு. இனி எழுதுவதற்கு என் மனைவியைத் தவிர வேறு சாட்சி இல்லை.

நான் ஓய்வுபெற்ற வக்கீல். நிலவுரிமை வழக்குகளே என் தொழிலாக இருந்தன. மண்ணில் வேரூன்றியது மண்ணுக்கு உடையவரைச் சேரும் என்று பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் வாதாடியவன். ஆகவே, கிராம்பு கொள்முதலுக்காகச் சேரம் தீவின் உட்பகுதியில் ஓர் ஊரில் தங்கிவிட்டு வந்த மகன், அங்கே மண் வேறு மரம் வேறு என்று சொன்னபோது நான் ஆர்வத்துடன் கேட்டேன். அவ்வூரில் நிலம் குடிவழிக்குப் பொது. அதை விற்பதற்கு ஒருவருக்கும் உரிமை இல்லை. மரமோ நட்டவனுக்கு உரியது. ஒருவன் முற்றத்தில் வேறொருவனுடைய மரம் நிற்கலாம். பேரன் காலம்வரை நிற்கலாம். சவ்வரிசிப் பனைகள்கூட அப்படித்தான் பங்கிடப்பட்டிருந்தனவாம். அவன் தங்கியிருந்த வீட்டார் அன்பினால் அவனுக்கும் ஒரு கிராம்பு மரத்தைக் கொடுத்திருந்தார்கள்.

வேலியும் பூட்டும் இல்லாத அவ்வூரில் மரத்தைக் காப்பது ஒரு குறி. தென்னோலையைப் பின்னி, அதில் ஓர் உருவத்தைச் சேர்த்துக் கிளையில் கட்டுவார்கள். உருவம் எதுவோ அதற்கேற்ற நோய் திருடனைப் பிடிக்கும் என்பது நம்பிக்கை. பாம்பானால் கால் முடங்கும். வாய் திறந்த மீனானால் வயிற்றைக் கடிக்கும்.

எங்கள் மாமரம் அவன் சிறு வயதில் கொட்டை ஊன்றி வளர்த்தது. அவன் திரும்பிய ஆண்டில்தான் முதன்முறையாகக் காய்த்தது. தெருப்பிள்ளைகள் கல்லெறியத் தொடங்கவே, அவன் கடைத்தெருவில் ஒரு பெரிய மீனின் காய்ந்த தாடையை வாங்கிவந்து, ஓலையில் பொதிந்து, உயரமான கிளையில் கட்டினான். அவன் இடக்கைப் பழக்கம் உள்ளவன். அவன் போடும் முடிச்சு எதிர்ப்புறமாகத் திரும்பியிருக்கும்.

கீழே நின்று பார்த்த என் மனைவி, “வீட்டுல ஒரு வக்கீல் இருக்கறது போதாதா? மரத்துக்கும் ஒருத்தர் வேணுமா?” என்றாள்.

“இவரு பீஸ் கேக்க மாட்டாரும்மா,” என்றான்.

எப்போது அவிழ்ப்பாய் என்று நான் கேட்டேன். கட்டினவனே அவிழ்க்க வேண்டும், அல்லது இன்னார் அவிழ்க்கலாம் என்று அவன் தன் வாயால் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் அவ்வூர் வழக்கம் என்றான். கிராம்பு மரத்தில் கட்டிய குறியையும் அவிழ்க்காமலே வந்திருந்தான். அடுத்த ஆண்டு போகப் போகிறேனே என்றான்.

காய் பழுக்குமுன் அவன் படுத்துவிட்டான். மருத்துவமனையில் பேசியவை எவருக்கும் விளங்கவில்லை. அவற்றில் பாதி அத்தீவின் மொழியாக இருந்தது. இன்னார் அவிழ்க்கலாம் என்று எவர் பெயரையும் சொல்லவில்லை.

அவ்வாண்டுப் பழங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. பின்கட்டின் தகரக் கூரையில் பட்டு உருண்டு தரையில் விழும் ஓசை பகல் முழுவதும் கேட்கும். காக்கைகள் தீண்டவில்லை என்று நான் எழுதமாட்டேன், தீண்டின. ஆனால் கல்லெறிந்த பிள்ளைகள் வரவில்லை. வேலியைத் தாண்டித் தெருவில் உருண்ட பழங்களும் கிடந்த இடத்திலேயே அழுகின. நான் என் அறையின் பின்பக்கத்துச் சன்னலை மூடிவிட்டேன். அதன்பின் மரத்தைப் பார்க்கவில்லை.

தை மாதத்தில் வீட்டுக்கு உடையவரான பர்மியப் பெண்மணி வந்தார். முதியவர், என்னைச் சயா, அதாவது ஆசிரியர், என்று மரியாதையாக அழைப்பவர். மரம் அடுக்கி விற்கும் மரவாடி வைக்க ஒருவர் மனையைக் கேட்கிறார், ஆனால் பின்புறம் வெறுமையாக வேண்டும் என்கிறார் என்றார். மரத்தை மட்டும் விட்டுவைக்கும்படி கேட்கச் சட்டப்படி எனக்கு வழி இல்லை. நிலத்துக்கு உடையவர்களுக்காக எத்தனையோ முறை நான் சொன்ன வாதமே இப்போது எனக்கு எதிராக நின்றது. ஆயினும் அவன் கையால் வைத்தது என்று உலகில் எஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான்.

பங்குனியில் கோடரிகளுடன் வந்த ஆட்களில் ஒருவர் நம்மவர். அண்ணாந்து பார்த்துச் சிரித்து, “மீனுக்குப் பசி போலிருக்கு சாமி,” என்று ஒரு கழியால் குறியைத் தட்டினார். மரத்தை அளந்துவிட்டு, மறுநாள் வெட்டுவதாகச் சொல்லிப் போனார்கள். அன்று மாலையே அவருக்கு வயிற்றுவலி. அந்த வாரம் எங்கள் தெருவில் கிணற்று நீர் கலங்கிப் பலருக்கும் வயிறு கெட்டிருந்தது. அதையும் பதிவு செய்கிறேன். மறுநாள் ஒருவரும் வரவில்லை. பெண்மணி வந்தார்.

“சயா, மண் என்னுடையது. மண்ணில் நிற்கும் மரமும் என்னுடையது. அதில் தொங்குவது என்னுடையதல்ல. நீங்கள் இறக்கிக் கொடுங்கள்.”

சித்திரையில் வரும் பர்மியரின் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன் இறக்குவதாக வாக்களித்தேன். வாக்குக் கொடுத்தபின் வேறு வழி இல்லை. பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்கி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மனைவி வழக்கம்போல் கோயிலுக்குச் சென்றிருந்த வேளையில், கத்தியுடன் ஏறினேன். ஓராண்டு வெயிலும் மழையும் பட்ட ஓலை. தொட்டால் உதிரும் என்று எண்ணியிருந்தேன்.

ஓலை பச்சையாக இருந்தது. நறுக்கிய முனையில் ஈரம் இருந்தது. முடிச்சு எதிர்ப்புறமாகத் திரும்பியிருந்தது.

கத்தியை உறையில் இட்டுக்கொண்டு இறங்கினேன். மனைவி ஆள் வைத்துக் கட்டுவிக்கிறாள் என்றே முடிவு செய்தேன். முழங்கால் நோயுள்ளவள் தானே ஏற முடியாது. அவள் மீதிருந்த என் இரக்கம் அளவு கடந்தது. அவள் திரும்பி வந்து, திருநீற்றை என் நெற்றியில் இட்டபோது, ஓலை புதிதாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

“தெரியுமே,” என்றாள். “அடுக்களைச் சன்னல்ல தினம் பாக்கறேன். காயறதுக்குள்ள பச்சையாயிடுது.” திருநீற்றுப் பொட்டலத்தை மடித்தாள். “நான் கோயிலுக்குப் போற அன்னிக்கு நீங்கதான் மாத்தறீங்கன்னு நெனச்சேன். கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு கேக்கல.”

நான் கத்தியை உறையோடு எடுத்து அவள் முன் வைத்தேன். மாற்றுவது நான் அல்ல என்று அவள் புரிந்துகொண்டாள். அடுக்களைக்குப் போய், அந்தச் சன்னலை அகலத் திறந்துவைத்தாள்.

இறக்க இயலவில்லை என்று பெண்மணியிடம் நேரில் சொன்னேன். காரணம் கேட்பார் என்று அஞ்சினேன், கேட்கவில்லை. மரத்தின் கீழ் போய் நின்று, அண்ணாந்து குறியைப் பார்த்தார்.

“எனக்கும் இருப்பது ஒரே வயிறுதானே, சயா,” என்றார். மரவாடிக்காரரிடம் தாமே பேசிக்கொள்வதாகவும், நாங்கள் இருக்கும்வரை இருக்கலாம் என்றும் சொல்லிப் போனார். வேறிடம் பார்க்கச் சொல்லியிருந்தாலும் எங்களால் போயிருக்க முடியாது. கட்டியவன் வந்து பார்க்கையில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

அட்சய வருடம் பிறந்திருக்கிறது. மரம் இம்முறை மிகுதியாகக் காய்த்திருக்கிறது. செய்யாமல் நிற்பவை:

பக்கத்து வீட்டாரின் ஏணியைத் திருப்பிக் கொடுத்தல். அது இன்னும் மரத்தில்தான் சாய்ந்திருக்கிறது.

அவன் இறந்ததைச் சேரம் தீவின் வீட்டாருக்குத் தெரிவித்தல். அங்குள்ள கிராம்பு மரத்தின் குறி காய்ந்துவிட்டதா என்று கேட்டல்.

தீவிலிருந்து அவன் கொண்டுவந்த பெட்டியைத் திறத்தல்.

ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகாமல், நாங்கள் இருவரும் அடுக்களைச் சன்னலருகே அமர்ந்திருத்தல்.