பூ இல்லாத வட்டம்

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரிய உதவியாளராகச் சேர்ந்த பிறகு, முதன்முறையாகக் கல்விக் காரியாலயத்து விஞ்ஞான ஆலோசகர் என் பாடத்தைப் பார்க்க வருகிறார் என்று அதிபர் சொல்லியிருந்தார். ஆலோசகர் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் நிரந்தர நியமனம். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மாவோ வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டில் நின்றுகொண்டே, "எம்மகன் பாடம் சொல்லிக்குடுக்குற சேர் ஆயிட்டான்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அந்தச் சொல் பொய்யாகிவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

பாடம், தாவரத்தின் வாழ்க்கை வட்டம். போஞ்சி விதைகளை யோகட் கோப்பைகளில் ஈரப் பஞ்சுக்குள் வைத்து ஜன்னலோரம் வரிசையாக அடுக்கியிருந்தேன். முளைத்ததும் ஒவ்வொன்றாகக் காட்டிப் படம் வரைவது என் திட்டம். ஆனால் மலைக் குளிரில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அன்று காலை போய்ப் பார்த்தால், எலி கோப்பைகளைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தது. கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே ஆலோசகரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

அவர் பின்வரிசையில் ஒரு சின்னக் கதிரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். நான் வெண்கட்டியை எடுத்தேன். நேற்று வரை பழகிய போஞ்சிப் படம் தலையிலிருந்து சுத்தமாகப் போய்விட்டது.

"நமக்குத் தெரிஞ்ச செடியையே வரைவோம். தேயிலை" என்றேன்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "அத வரைய நாங்களே போதும் சேர்!"

வரைந்தேன். முதலில் இலையோடு வெட்டிய தண்டு. அடுத்து நாற்று வளர்க்கும் தவறணையில், பொலித்தீன் பைக்குள் வேர்விட்ட கன்று. பிறகு மலையில் நட்ட செடி, கொழுந்து எடுக்கும் செடி, கவ்வாத்து வெட்டிய மொட்டைச் செடி. அப்பா கவ்வாத்துக்காரர் என்பதால் அந்த மொட்டை வாதுகளை மட்டும் தப்பில்லாமல் வரைந்தேன். அதிலிருந்து புதுத் துளிர். துளிர் முற்றியதும் மறுபடியும் ஒரு தண்டு. அம்புக்குறிகள் வட்டமாகச் சேர்ந்தன. பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதினேன். எல்லாம் சரியாக வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"பூ எங்கங்க?" என்றார் ஆலோசகர்.

படத்தைத் திரும்பிப் பார்த்தேன். நான் வரைந்திருந்தது தோட்டத்து வேலையின் வட்டம். பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை.

முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எனக்காகப் பதில் சொன்னாள். "பூக்க வுட மாட்டாங்க சேர். பூ கண்டா கங்காணி ஏசுவாரு!"

வகுப்பே சிரித்தது. ஆலோசகர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார். அம்மாவின் முகம் என் கண்முன் வந்தது. வெளியே ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"பாடம் முடியலங்க. நடத்துங்க" என்றார் அவர்.

"கவ்வாத்து வெட்டாம வுட்டா... தேயிலை என்ன ஆகும்?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"மரமாயிரும் சேர்! மேமலையில காடாப் போன தேயிலை அப்புடித்தான் நிக்கிது."

"வெள்ளப் பூ சேர். நடுவுல மஞ்சளா இருக்கும்."

"கொட்டை விழுந்து கெடக்கும். நாங்க அதுலதான் குண்டு வெளையாடுவோம்!"

கொழுந்துச் செடியிலிருந்து வெளியே இன்னொரு அம்பு இழுத்தேன். மரம், பூ, காய், கொட்டை, நாற்று என்று இன்னொரு வட்டம் சுற்றி வந்தது. பூ கோணலாக, நசுங்கிப்போன பொத்தான் போல இருந்தது. வெண்கட்டி இரண்டு தடவை ஒடிந்தது.

போகும்போது ஆலோசகர் வாசலில் நின்றார். "இப்ப நான் ஒண்ணும் எழுதல தம்பி. அடுத்த தவணை வருவேன். அப்ப பூவையும் வெதையையும் மொதல்ல வரைங்க. அதப் பாத்துட்டு எழுதுறேன்."

சாயங்காலம் அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார். "என்னய்யா, சேர்மாரு என்ன சொன்னாங்க?"

"தேயிலைக்குப் பூ போட மறந்துட்டேம்ப்பா."

"தேயிலைக்கா?" அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அது பூத்துக் காச்சா நமக்கு இங்க என்னய்யா வேல?"

அம்மாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விறகுக் கரியை எடுத்து, எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் பூ ஒன்றை வரைந்து பார்த்தேன். அதுவும் பொத்தான் போலவே வந்தது.