ஒதுக்குற கை

ஜெயம்மாள் பல் விளக்கும்போதுகூட முழங்கை விலாவை விட்டு நகராது. குழம்பு ஊற்றும்போதும் அப்படித்தான். கரண்டி போய் வரும், முழங்கை இருந்த இடத்திலேயே இருக்கும். கேட்டால், “கதவத் தொறந்து போட்டுட்டு யாருனா தூங்குவாங்களா?” என்பாள். நெற்றியிலிருந்து தொப்புள் வரை உடம்பின் நடுவில் ஒரு கோடு ஓடுகிறதாம். அதைக் காக்கிற கதவு முழங்கையாம்.

வயது நாற்பத்து மூன்று. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி. கரியாலூர்ப் பக்கம் ஏறி மலைக்காரர்களிடம் ஆடு வாங்கி வந்து கச்சிராயபாளையத்தில் விற்கிறாள். டீயில் சர்க்கரை ஜாஸ்தி வேண்டும், குறைந்தால் டம்ளர் திரும்பி வரும். ஆளைப் பார்த்தால் சண்டைக்காரி என்று தோன்றாது. பேச ஆரம்பித்தால் தோன்றிவிடும்.

பதினெட்டு வயதில் மலேயாவில் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். தோட்டக் கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கீரை போட்டிருந்த ஆ லான் என்ற சீனச்சி தினமும் காலையில் காற்றில் கையை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பாள். இவள் சிரித்தாள். அவள் ‘வந்து தள்ளு’ என்று சைகை காட்டினாள். “தள்ளுனேன். பாத்தா கீரப் பாத்தில மல்லாந்து கெடக்கறேன்.” அன்றிலிருந்து ஆறு வருஷம் கற்றாள். அறுபத்தொன்பதில் பர்மிட் இல்லையென்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். துறைமுகத்தில் தகரப்பெட்டியைக் குடைந்து பார்த்தார்களாம். “கையில இருந்தத ஒருத்தனும் பாக்கல” என்று இப்போதும் சிரிக்கிறாள்.

அந்தச் சீனச் சண்டைக் கலைக்குப் பெயர் விங் சுன். இவள் வாயில் அது ‘விஞ்சுனு’. “ஒரு பொம்பள உண்டாக்குனதாம். ஆ லான் சொல்லுவா. இல்லன்னா என் ஒசரத்துக்கு எப்பிடி அளவு சரியா இருக்கும்?”

நெற்களத்தில் விடிந்ததும் கரும்பு வெட்டுகிற பெண்கள் எட்டுப் பேர் இவளோடு சேர்ந்து பழகுகிறார்கள். கால் விரல்கள் உள்ளே பார்க்க, முட்டிகள் நெருங்கி நிற்க வேண்டும். “ஆட்டக் காலுக்குள்ள இடுக்கிக்கினு மருந்து ஊத்துவோம்ல, அப்பிடி நில்லுடி.” சீனர்களும் அந்த நிலைக்கு ஆட்டின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு ஓடிப்போய்ச் சொன்னேன். “அங்க ஆடு இல்லியா இன்னா?” என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

பிறகு இரண்டிரண்டு பேராக மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நிற்பார்கள். எதிராளியின் கை எங்கே போகிறதென்று கண்ணால் பார்க்கக் கூடாது, தோலால் அறிய வேண்டும். “அவ பலமா வந்தா நீயும் பலத்தக் காட்டாத. லேசா ஒதுக்கு. அவ பலமே அவள இட்டுக்கினு போவும்.” லாரியில் கரும்புக் கட்டு ஏற்றும்போது மேஸ்திரி ஒருவன், எட்டுப் பேரில் ஒருத்தியான பெரியம்மாளின் கையைப் பிடிப்பது வழக்கம். இப்போது பிடிப்பதில்லை. என்ன செய்தாய் என்று பெரியம்மாளைக் கேட்டேன். “ஒதுக்குனேன்” என்றாள், அவ்வளவுதான்.

வம்பு வந்தது ஒரு வார்த்தையால். ஊரில் இடக்கைக்குப் பீச்சாங்கை என்று பெயர். அதைச் சொன்னால் எட்டுப் பேரும் சிரித்து நிலை கலைந்துவிடுகிறார்கள் என்று ஜெயம்மாள் ‘இட’, ‘வல’ என்று மாற்றினாள். அவள் குரல் கொடுக்க, எட்டுப் பேரும் திருப்பிக் கத்துவார்கள்: “இட ஒதுக்கு! வல ஒதுக்கு!”

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம். ரோட்டில் மரங்கள் சாய்ந்து கிடந்தன, பஸ் கிடையாது. பந்தோபஸ்துக்கு வெளி மாவட்டத்திலிருந்து வந்திருந்த எஸ்.ஐ. ஒருவர், விடிகாலையில் களத்துப் பக்கம் ஜீப்பில் வந்தவர், இதைக் கேட்டுவிட்டார்.

“ஏம்மா, பொம்பளைங்கள வச்சு மறியலுக்கு டிரெய்னிங்கா?”

“வல ஒதுக்குன்னுந்தான் கத்தறோம். அதுக்கு யாருங்க சார் மறியல் பண்றாங்க?”

கூட வந்திருந்த ஏட்டு குனிந்து சிரிப்பை மறைத்தார். எஸ்.ஐ.க்குச் சிரிப்பு வரவில்லை. இனிக் களத்தில் கூட மாட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், நாளைக்கும் கூடினால் எல்லார் மேலும் கேஸ் என்றார். ஏட்டுதான் சமாதானத்துக்கு வந்தார்: “ஒதுக்குன்றதுக்கு பதிலா தள்ளுன்னு சொல்லிட்டுப் போயேம்மா.”

“தள்ளுனா எதிராளியும் தள்ளுவான். யாருக்கு பலம் ஜாஸ்தியோ அவன் ஜெயிப்பான். நாங்க ஆடு ஓட்டறவங்க, கரும்பு வெட்டறவங்க, ஒதுக்குனாத்தான் பொழப்போம். சொல்ல மாத்துனா கையும் மாறிப்பூடும் சார். எழுதியும் தர மாட்டேன்.”

மறியலைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று அன்று சாயங்காலம் கேட்டேன். “கேக்கறவங்க கேக்கட்டும். எனக்கு இந்தக் களம் வேணும். நாளிக்கு நாங்க வரலன்னா அந்த மேஸ்திரி மறுபடி கைய நீட்டுவான்.” எனக்குப் பயமாக இருந்தது. அதை அவளிடம் சொன்னேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் எட்டுப் பேரும் வந்தார்கள். களத்து வேலியின் திறப்பில் எஸ்.ஐ. லத்தியைக் குறுக்கே நீட்டி நின்றார். ஜெயம்மாள் போய் லத்தியின்மேல் மணிக்கட்டை வைத்தாள். அவர் முன்னால் நெட்டினார். லத்தி அவள் தோளோரமாய் வழுக்கிப் போயிற்று. பின்னால் இழுத்தார். மணிக்கட்டும் கூடவே போயிற்று. தூக்கினார், சாய்த்தார். அது ஒட்டியே இருந்தது. அடித்தாள் என்றோ பிடுங்கினாள் என்றோ கேஸ் எழுத வழியில்லை, அவள் விரல்கள் விரிந்தே இருந்தன. எஸ்.ஐ.க்கு வேர்த்தது. கடைசியில் லத்தியின் முனை மெல்லத் தரையைத் தொட்டது.

ஜெயம்மாள் கையை எடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடியே, உள்ளே போங்கள் என்று பின்னால் நின்ற பெண்களுக்குத் தலையை அசைத்தாள்.