ஏர்போர்ட் வாசலோடு நின்ற கறுப்பு கார்டு

என் கொழுந்தன் மனைவி வருஷத்துக்கு ஒருமுறை பிரான்சில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவாள். போன வருஷம் திரும்பி வந்ததும் ஒரு கறுப்பு கிரெடிட் கார்டைக் காட்டி, "ஏர்போர்ட் லவுஞ்ச்ல இதை நீட்டினா சோஃபா, சாப்பாடு எல்லாம் ஃப்ரீக்கா" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. உப்பளம் பகுதியில் ஒரே தெருவில்தான் இருக்கிறோம். அவளுக்கு மட்டும் என்ன ஒசத்தி?

அடுத்த வாரமே நானும் அதே கார்டை வாங்கினேன். ஆண்டுக் கட்டணம் பத்தாயிரம். வீட்டுக்காரரிடம் ஆயிரம் என்று சொன்னேன்.

இந்த வருஷம் அவள் கிளம்பியபோது, வழக்கம்போல் வேன் பிடித்துக் குடும்பமே சென்னைக்கு வழியனுப்பப் போனோம். வழியில் எல்லோரும் புளிசாதம் சாப்பிட்டார்கள். லவுஞ்சில் சாப்பிடலாம் என்று நான் மட்டும் வெறும் வயிற்றோடு இருந்தேன்.

ஏர்போர்ட் வாசலில் காவலர் டிக்கெட் கேட்டார். கார்டை நீட்டினேன்.

"ஃப்ளைட்ல போறவங்க மட்டுந்தாம்மா உள்ள போகலாம்."

"என்னக்கா, நீங்களும் வாங்கிட்டீங்களா?" என்றாள் அவள். "எனக்கு முதல் வருஷம் இனாமா குடுத்தாங்க. இந்த வருஷம் பத்தாயிரம் கேட்டாங்க, வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டேன்."

பத்தாயிரம் என்றதும் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கார்டை ரத்து செய்துவிட்டேன். இப்போதெல்லாம் எதில் கையெழுத்துப் போடுவதானாலும், அது எனக்கு எங்கே உபயோகப்படும் என்று முதலில் யோசிக்கிறேன். ஆனாலும் ஒன்று மட்டும் ஆறவில்லை. அவளுக்கு மட்டும் எப்படி இனாமாகக் கொடுத்தார்கள்?