படத்தில் வராத அக்கா

கோயில் மரத்தில் உள்ளங்கை அளவு மரத்தொட்டில் ஒன்று காற்றில் ஆடுகிறது. அதைக் கட்டிய பெண் கண்ணை மூடிக் கும்பிடுகிறாள். கண் திறக்கும்போது தொட்டில் பெரிதாக வளர்ந்திருக்கிறது. உள்ளே ஆறு வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்து சிரிக்கிறது. சென்ற மாதம் திருத்தணியில் ஒரு தியேட்டரில் இந்தக் காட்சி வந்தபோது முன் வரிசையிலிருந்த அம்மாள் ஒருவர் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் அம்மா மட்டும் மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தத்துப் பிள்ளையைப் பற்றிய குடும்பப் படம், எல்லாரும் பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்லித்தான் போனோம். படத்தில் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வரவில்லை. அடம் பிடிக்கவில்லை. எங்கிருந்து வந்தாய் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. தன்னைப் பெற்றவள் யாரென்று அவளும் கேட்கவில்லை. சண்டை போட்ட அண்ணன் தம்பிகளைச் சேர்த்துவைக்கிறாள், காய்ந்த கிணற்றில் தண்ணீர் வரவைக்கிறாள். கடைசியில் அந்தப் பெண்ணின் வயிற்றில் கரு உண்டானதும், வந்த வேலை முடிந்தது என்று சொல்லி ஒளியாகி வானத்துக்குப் போய்விடுகிறாள். அடுத்த காட்சியில் சொந்தக் குழந்தை அழும் சத்தம். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. ஒளி மட்டும் இல்லை.

அம்மாவுக்கும் நைனாவுக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தையில்லை. கிருத்திகை தவறாமல் மலையேறினார்கள். பிறகு வேறு ஊரில் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து, கையெழுத்துப் போட்டு, ஆறு வயது அக்காவைக் கூட்டிவந்தார்கள். அவள் இரண்டு மாதம் வரை கவுன் பைக்குள் இட்லியை ஒளித்துவைப்பாளாம். எறும்பு மொய்த்துப் படுக்கையெல்லாம் ஏறுமாம். ஒருநாள் அம்மா அடித்துவிட்டு, அப்புறம் அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதிருக்கிறாள். “எங்கம்மா வந்தா இந்த வூட்டுக்கு வழி தெரியுமா?” என்று தினமும் கேட்பாளாம். தெரியும் என்று நைனா தினமும் பதில் சொன்னாராம். படத்தை எழுதியவருக்கு இந்தக் கேள்வி ஒருமுறையாவது காதில் விழுந்திருந்தால் அந்தக் கிணற்றில் தண்ணீர் வரவைத்திருக்க மாட்டார்.

அக்கா வந்து இரண்டு வருஷத்தில் நான் பிறந்தேன். “இவ வந்த ராசிதான் உன் வயிறு தெறந்துச்சு” என்று உறவுக்காரர்கள் அம்மாவிடம் சொன்னார்கள். அதை நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார்கள். எனக்கு நினைவு தெரிந்த முதல் இடம் அக்காவின் இடுப்பு. சாயங்காலம் என்னைத் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட்டுக்குப் போவாள். நைனாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அவர் வரும் ரயில் கடக்கும்போது என் கையைப் பிடித்து அவளே ஆட்டுவாள். அவள் கழுத்தில் தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்து வரும் வாசனையை இன்றைக்கும் சில நாள் கூட்டமான ரயிலில் எங்கிருந்தோ உணர்கிறேன். திரும்பிப் பார்த்தால் யாராவது ஒரு பள்ளிக்கூடப் பெண் நின்றிருப்பாள்.

எனக்கு நாலு வயதானபோது அக்காவை அரக்கோணத்தில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்தார்கள். படிப்புக்கு நல்லது என்றார்கள். அரை மணி நேர ரயில் பயணம். நைனா தினமும் போய்வந்த ஊர். அதற்கு எதற்கு ஹாஸ்டல் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. முதலில் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். அப்புறம் மாதம் ஒருமுறை. அப்புறம் பண்டிகைக்கு மட்டும். அவள் படுத்த இடத்தில் தையல் மெஷின் வந்தது. யாரும் அவளைப் போ என்று சொல்லவே இல்லை.

ஓர் ஆடிக்கிருத்திகைக்கு அவள் வந்திருந்தாள். ஊர் முழுக்கக் காவடி. எங்கள் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். “இந்தப் பொண்ணு யாரு?” என்று அவளை அறியாத தூரத்து உறவு ஒருவர் கேட்டதற்கு, “தெரிஞ்ச பொண்ணு, ஹாஸ்டல்ல படிச்சிகினு இருக்குது” என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குள் போனாள். அப்போது எனக்கு ஆறு வயது. அக்கா கூடத்தில் எனக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன்: “நீ எப்போக்கா உன் ஊருக்குப் போவ?”

அவள் கை நின்றது. சமையலறையில் பாத்திரச் சத்தமும் நின்றது. பிறகு அக்கா பின்னலை முடித்து, ரிப்பனைப் பூப்போலக் கட்டி, என் தலையைத் தடவினாள். மறுநாள் காலை நைனாவோடு ரயிலேறிப் போனாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சில வருஷம் கழித்து ரேஷன் கார்டில் அவள் பெயரும் இல்லை. நான் கேட்கும்போதெல்லாம் நைனா வெளியே எழுந்து போனார். அம்மா, “நல்லா இருப்பா” என்றாள். கேட்பதை நானும் விட்டுவிட்டேன்.

படம் பார்த்த மறுநாள் காலை, அம்மா சாமி அலமாரியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். நைனாவின் கையெழுத்தில் ஒரு போன் நம்பர். பெயர் இல்லை. நைனா இறந்து நாலு வருஷமாகிறது.

“வேலூர்ல நர்சா இருக்குறா. அவரு பேசிகினு இருந்தாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தாரு” என்றாள். “நீ பேசு.”

மொட்டை மாடிக்குப் போய் அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். யாரென்று சொன்னேன். யாரோ ஒரு நோயாளி அவளைக் கூப்பிடுவது கேட்டது.

“சொல்லுங்க. நல்லா இருக்கீங்களா?” என்றாள்.

என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் என்னை ‘ங்க’ போட்டுப் பேசினாள். நைனா இறந்ததைச் சொன்னேன்.

“தெரியும். அன்னைக்கு அவரு போனுக்கு அடிச்சேன். யாரோ எடுத்துச் சொன்னாங்க. வந்தேன். ரோட்டுக்கு அந்தாண்ட நின்னுகினு பாத்துட்டுப் போயிட்டேன்.”

அன்றைக்கு வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் கைகூப்பியவள் நான்தான். சாலைக்கு அந்தப் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அந்த ஆடிக்கிருத்திகைப் பேச்சை எடுத்து, “நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுக்கா” என்றேன்.

“நீங்க கொழந்த. கொழந்தன்னா கேக்கத்தான் செய்யும்” என்றாள். பிறகு சொன்னாள்: “பெரியவங்க யாராச்சும் பதில் சொல்லுவாங்கன்னு பாத்துகினு இருந்தேன். இதுதான் அவ ஊருன்னு. அவ்ளோதான்.”

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரலாமா என்று கேட்டேன். டியூட்டி இரண்டு மணிக்கு முடியும், வாங்க என்றாள். வேறு யாரைப் பற்றியும் அவள் கேட்கவில்லை.

கீழே வந்தேன். அம்மா மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னப் பத்திக் கேட்டாளா?”

“ஆங், கேட்டா” என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எழுபது வயதுக் கண்கள். ஆனாலும் என்னால் அவற்றைப் பார்த்து நிற்க முடியவில்லை.

“பொய் சொல்ற” என்றாள். “கேட்டிருக்க மாட்டா. கேக்கவும் வேணாம். அன்னைக்கு நான் சமையல்கட்டுலதான் இருந்தேன். நீ கேட்டது காதுல வுழுந்துச்சு. ரெண்டு எட்டு வெச்சா கூடம். நான் வரல.”

பிறகு கைப்பிடியைப் பிடித்து எழுந்து, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணி ரயில் என்று கேட்டாள். சொன்னேன். தானும் வருவதாக அவள் சொல்லவில்லை. நானும் கூப்பிடவில்லை.