கோர்ட்டு சொன்ன சனிக்கிழமைகள்

பதின்மூன்று வயதில் என்னைப் போலீஸ் பிடித்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், பினாங்கு. அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை செய்தாள். விடியுமுன் போனால் பொழுது சாயத்தான் வருவாள்.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் என்னை இலவசமாகச் சேர்த்திருந்தார்கள். என் பெஞ்சுக்காரிகள் என்னைத் திட்டியதில்லை, அடித்ததில்லை. பேசியதில்லை, அவ்வளவுதான். என் பாவாடையில் மருந்து வாடை அடிக்கிறது என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்திருக்கிறது.

ஒருநாள் முன்பெஞ்சுக்காரியின் பென்சில் கீழே விழுந்தது. எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் தேட ஆரம்பித்ததும் நானும் குனிந்து தேடினேன்.

"அந்தப் பக்கம் பாத்தியா? கதவு மூலையில பாருலா" என்றாள். மணி அடிக்கும்வரை இருவரும் சேர்ந்து தேடினோம். அப்புறம் ரிப்பன், சிலேட்டு, குடை என்று எடுத்தேன். ஒவ்வொரு முறையும் கூடவே நின்று தேடினேன். எடுத்ததை எல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தேனே தவிர, ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை.

கடைசியாக எடுத்தது ஒரு ஜவுளிக்கடைக்காரர் மகளின் தங்க வளையல். அவர் போலீசுக்குப் போய்விட்டார். எங்கள் அறையைச் சோதித்தபோது எல்லாம் வெளியே வந்தன.

"எதுக்குடி எடுத்தே?" அம்மா அழுதாள். "வித்துத் திங்கக்கூட இல்லியே!"

கோர்ட்டில் வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குச் சொன்னார்: "சின்னப் புள்ளைங்கிறதால எங்கயும் அனுப்பல. ஒரு வருஷத்துக்கு உங்கம்மா ஜாமீன். சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு அம்மா வீட்டுக்குப் போய் நிக்கணும். அவங்க உன்னப் பத்தி எழுதி அனுப்புவாங்க."

பள்ளிக்கூடத்தில் பெயரை அடித்துவிட்டார்கள். நாங்கள் குடியிருந்த லயத்தின் வரிசை அறைகளில் இருந்த பெண்கள் என்னைக் கண்டால் தங்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்கள்.

கோர்ட்டார் சொன்ன வீடு டத்தோ கிராமட் சாலைப் பக்கம் இருந்தது. அந்த அம்மா யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே குமாஸ்தாவின் மனைவி. பிள்ளைகள் இல்லை. கோர்ட்டு அனுப்பும் பிள்ளைகளைக் கவனிக்கும் வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்தார். "என்னை அக்கா எண்டு கூப்பிடு" என்றார்.

"ஏன் பிள்ளை எடுத்தனி?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் காகிதத்தில் ஏதோ எழுதினார், தேநீர் கொடுத்தார், அனுப்பினார். மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. அதே கேள்வி, அதே தரை. ஆனாலும் வாரத்தில் அம்மாவைத் தவிர யாராவது என்னோடு பேசியது அந்த ஒருநாள்தான்.

ஒரு சனிக்கிழமை நான் போனபோது வீடே கலைந்து கிடந்தது. "என்ரை அலுமாரித் திறப்பைக் காணேல்லை" என்றார் அக்கா. திறப்பு என்றால் அவர்கள் ஊரில் சாவி.

"நான் எடுக்கல அக்கா! சத்தியமா எடுக்கல!"

"நீ எடுத்தனி எண்டு ஆர் சொன்னது? வா, வந்து தேடு."

கட்டிலை நகர்த்தினோம். பாயை உதறினோம். தன் வீட்டுக்காரரின் மறதியைப் பற்றிச் சொல்லி அக்கா சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அலமாரிக்குப் பின்னால் முட்டிபோட்டிருந்தபோது திடீரென்று அழுகை வந்துவிட்டது.

"இப்படித் தேடுறப்பதான் அக்கா, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க என்னோட பேசுவாங்க."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "அதுக்கோ எடுத்தனி?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். மத்தியானம் அவர் கணவர் சட்டைப் பையில் சாவியோடு வந்து சேர்ந்தார். அன்று அக்கா எதுவும் எழுதவில்லை. அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை.

மறுவாரம் எனக்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டார். "அவைக்கு ஏலாதாம், திரும்பச் சேர்க்க மாட்டினமாம்" என்று முகம் சிவந்து திரும்பி வந்தார். பிறகு ஆஸ்பத்திரித் தையல் அறையில் யாரையோ பிடித்து என்னைச் சேர்த்துவிட்டார். தலையணை உறை தைக்கக் கற்றுக்கொண்டேன்.

வருஷம் முடிந்தது. "கோர்ட்டுக்கு நல்லா எழுதிப்போட்டன். இனி நீ வரத் தேவையில்லை" என்றார் அக்கா. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை என் கால் அந்தப் பக்கம்தான் போயிற்று. வெளிப் பெஞ்சில் நான் உட்காரும் இடத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா வாசலுக்கு வந்தார்.

"என்ன பிள்ளை, ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்ணும் இல்லக்கா. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

அவர் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப சரி. கவனமாப் போ."

போனேன். பிறகு அந்தச் சாலைக்கு நான் போகவில்லை. மறுவருஷம் அவர் கணவர் ஓய்வு பெற, இருவரும் இலங்கைக்குக் கப்பல் ஏறிவிட்டதாகத் தையல் அறையில் யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டபிறகு அன்று நான் தைத்த உறைகள் எல்லாம் கோணிப்போயின; பிரித்து மறுபடி தைக்க வேண்டியதாயிற்று.