தொட்டிக்குள் விழுந்த கோடுகள்

காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். மூன்றாம் வருடத்து அணுக்கருவியல் விருப்பப்பாடத்தில் அந்த ஆண்டு சேர்ந்தது இரண்டே பேர். அதை நிறுத்திவிடலாம் என்றார் முதல்வர். நெடுங்காலம் அதை நடத்திவந்த மேடம், ஒரு வருடம் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மூணாவது வருஷம் வரைக்கும் காத்துக்கினு இருந்தா எவன் வருவான்? நாமளே ஸ்கூலுக்குப் போவோம்மா. ஃபார்முலா அப்புறம். மொதல்ல கண்ணால பாக்கட்டும்."

கண்ணாடித் தொட்டி, கறுப்புத் தகடு, ஸ்பிரிட்டில் நனைத்த துணி, அடியில் டிரை ஐஸ் எனப்படும் உலர்பனி. அணுக்கதிர் கடந்துபோனால் உள்ளே நிறையும் ஆவியில் வெள்ளைக் கோடு விழும் என்றார். பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலைத்திரியான மேண்டிலில் தோரியம் என்ற கதிர்வீசும் பொருள் இருக்கும், கிடைத்தால் நல்லது என்றார். என் அப்பா கல்யாணங்களுக்குப் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டவர். பரணில் எரிக்காமல் கிடந்த அந்தக் காலத்து மேண்டில் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் பயம் வந்தது.

"எங்கப்பா இத்த வெறுங்கையால கட்டுவாரு மேடம்."

"ரொம்பக் கொஞ்சம்தாம்மா. எரிஞ்ச சாம்பல் மூச்சுல போவக் கூடாது. நாம இடுக்கியால எடுப்போம், கை கழுவிடுவோம்" என்று என் தோளைத் தட்டினார்.

முதல் பள்ளிக்குப் போன வாலாஜாபாத் பஸ்ஸில் கண்டக்டர் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, பொட்டிலேர்ந்து பொகை வந்துக்கினு இருக்குது?"

"ஐஸ்தான்பா" என்றேன்.

பள்ளியில் மேண்டிலைத் தொட்டிக்குள் வைத்து, ஜன்னல்களைச் சாத்தி டார்ச் அடித்தோம். கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. "வெறும் பொகைதான் மிஸ்" என்றாள் ஒரு ப்ளஸ் டூ பெண். மேடத்தின் முகம் வாடியது. நான் கையுறை போட்டுக்கொண்டு, தகட்டில் படாமல் ஒதுங்கிக் கிடந்த உலர்பனியை நிரவித் தள்ளினேன். சற்றைக்கெல்லாம் மேண்டிலிலிருந்து நூல் போல ஒரு கோடு கிளம்பி அழிந்தது. பிறகு இன்னொன்று. பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி நெருங்கினார்கள்.

"இது எப்ப நிக்கும் மிஸ்?" என்றாள் அதே பெண்.

"நம்ம காலத்துல நிக்காதும்மா."

"அப்போ இம்மா நாளா நடந்துக்கினேதான் இருந்துதா? நாமதான் பாக்கலையா?"

மேடம் தலையாட்டிச் சிரித்தார்.

அந்த வருடம் ஆறு பள்ளிகளுக்குப் போனோம். மேடம் போராடி அந்தப் பாடத்தை முதல் வருடத்துக்கே கொண்டுவந்தார். இருபது பேராவது வருவார்கள் என்று நம்பினார். வந்தது பதினோரு பேர். முதல் நாள் வகுப்பில் அந்த வாலாஜாபாத் பெண் முதல் வரிசையில் இருந்தாள். நான் தொட்டியைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

"எங்க போறே? பின்னாடி எடம் இருக்குதே, நீயும் உக்காரும்மா" என்றார் மேடம்.

உட்கார்ந்தேன். பாதிதான் புரிந்தது. அடுத்த வகுப்புக்கு ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போனேன்.