நீட்டிய மைக்

டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில் நான் தனியாக இருந்த வருடங்களில் என் காரில் ஒரே ஒரு ராக் பாடகரின் கேசட்தான் ஓடும். ஆபீஸ் போகவர ஃப்ரீவே முழுக்க அவரோடு சேர்ந்து கத்துவேன். ஒரு காலத்தில் ஸ்டேடியம் ஸ்டேடியமாக நிரப்பியவர். எங்கள் ஊர்ப் பொருட்காட்சியில் பாட வருகிறார் என்றதும், ஆபீஸில் இருந்த இன்னொரு தமிழரைக் கூப்பிட்டேன்.

"அந்தக் கிழவனையா? ஆளை விடுங்க சார், பசங்களுக்கு கிளாஸ் இருக்கு" என்றார்.

போய்யா என்று மனதுக்குள் திட்டிவிட்டுத் தனியாகப் போனேன்.

பெஞ்சுகளில் முப்பது பேர் இருந்தால் அதிகம். பழைய இசைக்குழுவில் மிஞ்சியிருந்தவர் அவர் மட்டும்தான். மற்றவர்கள் கூலிக்கு வந்த பையன்கள். உச்சத்தில் பாட வேண்டிய வரி வந்தது. குரல் ஏறாது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஸ்டேடியத்தில் செய்வதுபோல மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். எல்லோரும் சோளம் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, காரில் கத்துவதுபோலவே அந்த வரியைக் கத்தி முடித்தேன்.

அவர் கையை உயர்த்தி, "தேங்க் யூ, டெக்சாஸ்!" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தது நான் மட்டும்தான்.